சப்பாத்துப் போட்ட பூதம்

பிள்ளைகளே, இங்கே ஜெர்மனியில், பல்கலைக்கழகங்களில் பாராட்டும்போது கை தட்டமாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். 2007இல் ஒரு சனிக்கிழமை பின்னேரம், டுசல்டோர்ஃப் பல்கலைக்கழக மண்டபத்தில், அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டு நான் எழும்பியே விட்டேன். பக்கத்தில் என் மகள் நிலா, அப்போது பன்னிரண்டு வயது. "இருங்கோ அப்பா, வெக்கமாக் கிடக்கு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

தட்டியது சமீருக்காக. சிரியாக்காரன், என்னோடு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், அரபியில் சிறுகதை எழுதுகிறவன். அன்று அவனுடைய கதை ஒன்றை ஜெர்மனில் வாசித்தார்கள். அரபுப் பழங்கதைகளில் 'கூல்' என்றொரு பூதம் உண்டு. எந்த உருவம் எடுத்தாலும் அதன் கழுதைக் குளம்பு மட்டும் மாறாதாம். சமீரின் கதையில் அது குளம்பை மறைக்க மினுக்கிய தோல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வருகிறது, பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறது, போனவர்கள் திரும்புவதில்லை.

ஒரு ஜெர்மன் அம்மா, "உங்கள் ஊரில் இதை இன்னும் நம்புகிறார்களா?" என்று ஆவலோடு கேட்டார். சமீர் சிரித்தபடி, "ஓம், எல்லாரும்" என்றான். அவர் அதை எழுதிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்ததும், நிலா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, எங்கள் அரைகுறை ஜெர்மனில் சமீரோடு சண்டை பிடித்தேன்.

"ஏன் மறைச்சனி? இரகசியப் பொலிஸ் எண்டு சொல்லியிருக்கலாமே!"

"என்ர தங்கச்சி அங்கை இருக்கிறாள். பூதத்தைப் பற்றி எழுதினா அவளை ஆரும் விசாரிக்கமாட்டினம். எங்கட சனத்துக்கு ஆரெண்டு விளங்கும்." பிறகு கண்ணைச் சிமிட்டினான். "ஏன் அண்ணை, உங்கட ஊரிலை பூதம் இல்லையோ?"

என் தம்பியைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்துக் கொண்டுபோனதை நிலாவுக்கு நான் சொன்னதேயில்லை. தம்பி மனைவி இன்னும் ஊரில். ஞாயிறுதோறும் பிள்ளை அந்தச் சித்தியோடு தொலைபேசியில் கதைப்பாள். லைனில் யார் காது வைத்திருப்பார்களோ? வாய் தவறிக் கேட்டுவிட்டால் சித்திக்கல்லவா ஆபத்து! அதனால் அவளுடைய ஆறு வயதில், சித்தப்பாவை முனி பிடித்துக்கொண்டு போனது என்றேன். நாங்கள் பெரியவர்கள் சிலவேளை பயத்தில்தான் பூதக்கதை சொல்கிறோம்.

டிராமில் உட்கார்ந்ததும் நிலா கேட்டாள்: "எங்கட முனியும் சப்பாத்துப் போட்டிருந்ததோ, அப்பா?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி ஓடலாமா என்றிருந்தது.

"சித்தியிட்டைக் கேக்கமாட்டன். சத்தியமா. சொல்லுங்கோ."

சொன்னேன். பெட்டி நிறையச் சனம்; தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்கள். ஆனாலும் தம்பியின் பெயர் வந்த இடத்தில் நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். குரல் தானாகவே தாழ்ந்தது.

"பிலத்துச் சொல்லுங்கோ அப்பா," என்றாள் நிலா, "கேக்கேல்லை."