மாமா தொங்கிய ஜீன்ஸ்

எங்கள் மலையில் முதன்முதலாக ஜீன்ஸ் போட்டவர் யார் என்று யாராவது கேட்டால், எங்கள் மாமாதான் என்று அடித்துச் சொல்வேன். அதற்கு முன்பே செம்மேட்டில் ஒரு பையன் போட்டான் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். போட்டிருக்கட்டுமே. அவன் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனான், வந்தான். எங்கள் மாமா அதில் தொங்கினார்.

மாமா, அம்மாவின் தம்பி. திருப்பூரில் பேன்ட் தைக்கும் இடத்தில் சில வருஷம் மிஷின் ஓட்டிவிட்டு, நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மலைக்கே திரும்பி வந்து எங்களோடு தங்கினார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இடுப்பில் அந்த நீல ஜீன்ஸ். பின்பக்கம் தோல்பட்டை ஒன்று, அதில் கொம்பைத் தாழ்த்தி நிற்கும் ஓர் எருது. பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. டி.வி.யில் வருகிற அதே எருது!

அரசாங்கம் கொடுத்த டி.வி. எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சீரியல் அம்மாவுக்கு, விளம்பரம் எனக்கு என்று பாகம் பிரித்திருந்தோம். விளம்பரம் வந்தால் அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். நான் அப்போதுதான் வந்து உட்காருவேன். அதிலும் ஜீன்ஸ் விளம்பரம் என்றால் மூச்சுவிட மாட்டேன். அந்த எருது விளம்பரத்தில் ஒரு ஜீப் மலை விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருக்கும். தொப்பிக்காரன் ஒருவன் தன் ஜீன்ஸைக் கழற்றி, ஒரு காலை ஜீப்பிலும் இன்னொரு காலை எருதின் கழுத்திலும் கட்டுவான். எருது இழுக்கும், ஜீப் மேலே வரும். "கிழியாது!" என்று இடிக்குரல் ஒன்று முழங்கும். நுகத்தடி இல்லாமல் மாடு எப்படி இழுக்கும் என்று அப்பா ஒவ்வொரு முறையும் எரிச்சல்படுவார். பேன்ட்டைக் கழற்றிவிட்டானே, இப்போது என்ன போட்டிருக்கிறான் என்பது அம்மாவின் கவலை. எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. டி.வி.யில் சொன்னால் சொன்னதுதான்.

மாமாவின் ஜீன்ஸால் ரொம்பவும் அவதிப்பட்டது அம்மாதான். நனைந்தால் அது ஓர் ஆள் கனம் கனக்கும். மார்கழிப் பனியில் வெளியே போட்டால் காயவே காயாது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் வீடு முழுக்க நனைந்த நாயின் நாற்றம். "இதுக்கு ஒரு எருமைய வாங்கிக் கட்டியிருக்கலாம், பாலாவது கறக்கும்" என்று திட்டிக்கொண்டே துவைப்பாள்.

அந்தத் தை மாதம் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். எங்கள் மலையில் ஊர்களை நாடு நாடாகப் பிரித்துச் சொல்வார்கள்; நாங்கள் அரியூர் நாடு, பெண் பெரக்கரை நாடு. மாப்பிள்ளை பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு பெண் வீட்டார் வரமாட்டார்கள். "மிளகு பறிக்க ஆள் பத்தலையாமுங்களே" என்று ஒத்தாசைக்கு வந்ததுபோல ஒருநாள் வந்து நிற்பார்கள். கூடவே வேலை செய்துகொண்டு, மாப்பிள்ளை மரம் ஏறுகிற லட்சணத்தை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அப்படித்தான் பெண்ணின் அப்பா ஒருநாள் காலையில், தோளில் துண்டோடு, பனி விலகும் முன்பே வந்துவிட்டார். அதிகம் பேசாத மனுஷன். திருப்பூர் போய்வந்த பையனுக்கு மரம் ஏறுவது மறந்திருக்கும் என்று அவருக்குச் சந்தேகம். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மாமாவின் பேன்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டவுசர மாத்திக்கிட்டு ஏறு சாமி" என்று அம்மா கெஞ்சினாள்.

"இதுக்கென்னக்கா? டி.வி.ல பாக்கல? கிழியாது" என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்கும்படி. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருக்கும். கிளையைக் கழித்துக் கழித்து நெடுநெடுவென்று வளர்த்த மரங்கள். ஏறுவதற்கு ஒற்றை மூங்கில்தான். கணுவுக்குக் கணு கொஞ்சம் குச்சியை விட்டு வெட்டியிருப்பார்கள், அதில் கால் வைக்க வேண்டும். மேலே போனதும் முதல் வேலை, மூங்கிலின் தலையை மரத்தோடு கயிற்றால் கட்டுவது. அதைக் கட்டாமல் மிளகில் கை வைப்பவனை எங்கள் ஊரில் ஆள் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். மாமாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கீழே வருங்கால மாமனார் நிற்கிறாரே, நின்று நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவாரே! மடமடவென்று ஏறி, மூங்கிலையும் தாண்டி, கழித்த கிளையின் மொட்டையில் காலை ஊன்றப் போனார். விறைத்த ஜீன்ஸ் முழங்காலில் மடங்கவில்லை. பாதி தூக்கிய கால் பனி ஈரத்தில் வழுக்கியது. கட்டாத மூங்கில் சாய்ந்து, சரிவில் விழுந்து, காப்பிச் செடிகளை முறித்துக்கொண்டு கீழே கீழே போனது.

மாமா விழவில்லை. சறுக்கியவர் உடம்பு திரும்பி, அந்தரத்தில் நின்றுவிட்டார். இன்னொரு மொட்டைக்கிளை அவருடைய முதுகுக்கும் ஜீன்ஸுக்கும் நடுவே புகுந்து, ஆணியில் பையை மாட்டியதுபோல ஆளை மாட்டியிருந்தது. தலை முன்னால் தொங்க, ஒரு கையில் மிளகுக்கொடி. கொடி ஆளைத் தாங்குமா? அது மரத்தைவிட்டுப் பிரிந்து பிரிந்து வந்துகொண்டிருந்தது. கீழே முழுக்க, சரிவைத் தாங்க அடுக்கிய கல்லுக்கட்டு. வீட்டுமேல் வீட்டை வைத்து ஏறினாலும் அவர் காலை எட்ட முடியாது.

"அய்யோ சாமீ" என்று அம்மா அலறியது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அப்பாவும் பெண்ணின் அப்பாவும் மூங்கிலை எடுக்கச் சரிவில் பாய்ந்தார்கள். நான் ஓடிப்போய் மாமாவுக்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். எனக்குத் துளிக்கூடப் பயமில்லை.

"பயப்படாதீங்க மாமா! கிழியாது! ஜீப்பையே தாங்குச்சு!" என்று கத்தினேன்.

அப்போது 'டப்' என்றது. இடுப்புத் தையல் கொஞ்சம் விட்டுப்போய், மாமா ஒரு சாண் கீழே இறங்கினார். அம்மா என் பக்கத்தில் வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ரத்தம் இறங்கி மாமாவின் முகம் செவசெவ என்றிருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக வந்தது. "ஆமாங்கண்ணு, கிழியாது. நீ அந்த வெளம்பரத்தச் சொல்லு, கேக்கலாம். ஆனா நேர் கீழ நின்னா எனக்குக் கேக்க மாட்டேங்குது. அந்தா, அந்தப் பாறமேல நின்னு, டி.வி.ல வாராப்பல சொல்லு. அக்கா, நீயும் கூடப் போ. அவ வழுக்கி உளுந்துறப் போறா."

ஆளைப் பாருங்கள், தொங்குகிறவர் எனக்கு வழுக்கும் என்கிறார்! அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடினாள். நான் நிமிர்ந்து நின்று ஆரம்பித்தேன்.

எருது விளம்பரத்தை இடிக்குரலோடு சொன்னேன். "அடுத்து?" என்றார் மாமா. சரிவில் மூங்கில் புதருக்குள் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அப்பா அதைத் திட்டுவது கேட்டது.

அடுத்தது ரயில். ஜீன்ஸ் போட்டவன் ரயில் கூரைமேல் ஓடுவான். குகைக்குள் போய் வெளியே வரும்போது சட்டை கந்தலாகியிருக்கும், ஜீன்ஸ் அப்படியே இருக்கும். மறுபடியும் 'டப்'. "அடுத்து?"

அதற்கப்புறம் வந்த விளம்பரங்களில் எருதும் இல்லை, ரயிலும் இல்லை. ஒரு காலேஜ் பையன் பைக்கில் வந்து இறங்குவான். பெண்பிள்ளைகள் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே போடுவார்கள். அவ்வளவுதான் கதை. பேன்ட் கிழியுமா கிழியாதா என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதைச் சுரத்தில்லாமல் சொல்லி முடித்தேன். பிறகு ஒரு பெண்ணே ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள், சுவரேறிக் குதித்து அண்ணன்களை ஓட்டத்தில் ஜெயித்தாள். அது எனக்குப் பிடித்தது, நடித்தே காட்டினேன். அம்மா என் பாவாடையைப் பிடித்திருந்தாள். அண்ணாந்து பார்க்க முடியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்து... சாமி?" மாமாவின் குரல் இப்போது மெலிந்திருந்தது.

அடுத்தது, அந்தப் பொங்கலுக்குப் புதிதாக வந்த விளம்பரம். அதில் எல்லோரும் ஆடுவார்கள். எல்லோருடைய ஜீன்ஸும் முழங்காலில் கிழிந்திருக்கும். கிழித்தே விற்கிறார்களாம்! அது எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. பாறையிலிருந்து பார்த்தபோது மாமாவின் பின்பக்கத் தையல் கொஞ்சம் கொஞ்சமாக வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கிழிந்துவிடுமோ என்று அப்போதுதான் முதன்முதலாக எனக்குத் தோன்றியது.

"அடுத்து, மறுபடியும் எருதுதான் மாமா" என்றேன்.

"அப்ப அதையே சொல்லு கண்ணு."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஜீப்பை எருது பாதி இழுத்துக்கொண்டிருந்தபோது மூங்கில் மரத்தில் வந்து சாய்ந்தது. பெண்ணின் அப்பா அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பா ஏறி, அந்த அவசரத்திலும் முதலில் மூங்கிலின் தலையைக் கட்டினார். பிறகு மாமாவின் அக்குளில் கயிற்றைக் கொடுத்து மரத்தோடு சேர்த்து இறுக்கினார். முடிச்சுப் போட்ட கையோடு, டர்ர்ர். ஜீன்ஸ் இடுப்பிலிருந்து முழங்கால் வரை இரண்டாகப் போனது.

கீழே வந்து உட்கார்ந்த மாமாவை அம்மா முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு, கட்டிக்கொண்டு அழுதாள். பெண்ணின் அப்பா தன் துண்டை எடுத்து மாமாவின் இடுப்பில் போட்டார். "மூங்கிலக் கட்டாம ஏறுவாங்களா தம்பி?" என்றார். சம்பந்தம் போச்சு என்று அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. ஆனால் அவர் கிளம்பும்போது அப்பாவிடம், "கல்யாணத்த மாசியில வெச்சுக்கலாமுங்க" என்றார். அப்பா நம்பாமல் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். நான் மட்டும் ஆச்சரியப்படவில்லை. இப்படிப்பட்ட ஜீன்ஸ் வைத்திருக்கிறவருக்கு யார்தான் பெண் கொடுக்க மாட்டார்கள்? பள்ளிக்கூடத்தில் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். டி.வி.யில் ஒரு ஜீன்ஸ் விளம்பரம் ஓடியது. இப்போதெல்லாம் கிழியாது என்று யாரும் சொல்வதில்லை, ரப்பர் மாதிரி இழுத்து இழுத்துக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ஜீன்ஸில் அந்த எருதுப் பட்டையைத் தைத்ததே அவர்தானாம்.

"டூப்ளிகேட்டுங்கண்ணு. நாங்க தெச்சு, நாங்களே பட்டையும் வெச்சு அனுப்புவோம். இடுப்புக்கு ஒத்தத் தையல்தான். அந்த நூலு எவ்வளவு நேரந் தாங்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு மாமா கிழியாதுன்னு சொன்னீங்க? அதுல வெளம்பரம் வேற கேட்டீங்க!"

மாமா டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த அத்தைதான் சொன்னாள். அன்றைக்கு அவளுடைய அப்பா வீடு திரும்பியதும், பையனுக்கு மரம் ஏறத் தெரியவில்லை என்றுதான் முதலில் சொன்னாராம். அப்புறம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "உசுரு போறப்பவும் அடியில கொழந்த நிக்கறதப் பாத்து நவுத்திட்டான், இவனுக்குக் குடுக்கலாம்" என்றாராம்.

நான் அந்தப் பாறையை நினைத்துப் பார்த்தேன். அது மரத்தைவிட்டு நன்றாகத் தள்ளி இருந்தது. அங்கே நின்று சொன்னால்தான் மாமாவுக்கு நன்றாகக் கேட்கும் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.