விடப் பழகிய கை

தூத்துக்குடியில் தோணி ஏறும்வரை நான் அறிந்த கயிறு ஒன்றுதான்: மாட்டின் தலைக்கயிறு. எங்கள் வீட்டுக்கு ஒரு வண்டியும் ஒரு சோடி மாடும்தான் சோறு. குமுளி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்கி, கம்பம் வழியாகத் தேனிச் சந்தையில் சேர்ப்போம். அப்பா போனபின் அண்ணன் ஓட்டினார். அவருக்கு வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. இடது கண்ணிலும் புகை படரத் தொடங்கியிருந்தது. அது தெரிந்தும் அந்த இருபத்திரண்டு வயதில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தடவை மூட்டையோடு தூத்துக்குடி போன இடத்தில், பாய் விரித்துக் கிளம்பும் தோணிகளைப் பார்த்துவிட்டேன். இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று அண்ணனிடம் வந்து நின்றேன்.

அண்ணன் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

“போயிட்டு வாடா. ஆவணியில காய் எறங்கும், அதுக்குள்ள வந்துரு. அதுக்கு மேல எனக்குப் பாதை தெரியாது. நீ வந்து கயித்தப் பிடிச்சாத்தான் வண்டி. இல்லாட்டி இதுகள வித்துப்புட்டு அடுத்தவன் தொழுவத்துல சாணி அள்ள வேண்டியதுதான்.”

மாசியில் கிளம்பினோம், ஏழு பேர். தோணியை நடத்துபவனைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் என்னைவிட இரண்டு வயது இளையவன். வாயைத் திறந்தால் வசவு.

கரை பின்னால் போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அது போகவில்லை, தாழ்ந்தது. முதலில் வீடுகள் முழுகின. பிறகு பனைகள். மாதா கோயில் கோபுரம் கொஞ்ச நேரம் விரல் நீட்டிக்கொண்டிருந்தது, அதுவும் போயிற்று. பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை பார்த்தவன் நான். இங்கே நாலு பக்கமும் வெறும் கோடு. சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாமல் போனது, பாய்மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

பயத்தை மறைக்கப் பெருமை பேசினேன். “எங்க ஊரு ஆடிக்காத்து ஆளையே தூக்கிட்டுப் போகும்.”

“காத்தப் பாத்திருப்ப. காத்துல ஏறியிருக்கியால?” என்றான் தண்டல்.

கொழும்பில், ஏற்றிவந்த வெங்காயத்தை இறக்கினோம். அதற்குத் தெற்கே காலித் துறைமுகத்தில் தேங்காய் ஏற்றினோம். அதற்குள் எனக்குப் பாய்க்கயிற்றைக் கொடுத்திருந்தார்கள். பாயின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கயிறு அது. ஒரு கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி வரும், அதன் வால் என் கையில். காற்று ஏறினால் விட வேண்டும், தணிந்தால் இழுக்க வேண்டும். இவ்வளவுதான் படிப்பு.

காலியைத் தாண்டி இரண்டாம் நாள், உச்சி சாய்ந்த நேரம். வானத்தில் ஒரு குறையும் இல்லை. தூரத்தில் தண்ணீரின் நிறம் மட்டும் கறுத்தது, யாரோ ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே எங்களை நோக்கி ஓடிவருவதுபோல. அடுத்த மூச்சில் காற்று பாயில் விழுந்தது.

மாடு மிரண்டால் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். கயிற்றை முழங்கையில் சுற்றி, குதிகாலை ஊன்றி, பல்லைக் கடித்துப் பின்னால் சாய்ந்தேன். தோணி சாய்ந்தது. இன்னும் இறுக்கினேன். ஒரு பக்க விளிம்பு தண்ணீருக்குள் போனது. தேங்காய்கள் உருண்டன. அடுப்பும் கஞ்சிப்பானையும் என் கால்வழியாக வழுக்கிக் கடலுக்குள் இறங்கின.

“விடுல! கயித்த விடுல!”

கேட்டது. நன்றாகவே கேட்டது. விட வேண்டும் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் கை திறக்கவில்லை. இந்தக் கை என்னுடையது அல்ல என்று நான் கண்டது அப்போதுதான். தண்டல் தவழ்ந்து வந்து கத்தியால் கயிற்றை வெட்டினான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, தோணி நிமிர்ந்தது, ஏழு பேரும் இருந்தோம். என் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது.

அடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் என் கையைத் திருப்பிப் பார்த்தான். “உனக்குக் காது நல்லாத்தாம்ல இருக்கு. கைக்குத்தான் காது இல்ல.”

மறுநாளிலிருந்து அவன் ஒரு வேலை வைத்தான். எந்த நேரத்திலும் “விடு!” என்பான். கையில் எது இருந்தாலும் அந்தக் கணமே நான் போட்டுவிட வேண்டும். வாளியைப் போட்டேன். பீடியைப் போட்டேன். அம்பாந்தோட்டைக்குப் பக்கத்தில், பசித்து எடுத்த முதல் வாய்க் கஞ்சியைக் கலயத்தோடு கடலில் போட்டேன்.

“தம்பி, இப்பிடி ஊத்துனா மீனுதாம்ல கொழுக்கும்” என்று சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

மட்டக்களப்பு வருவதற்குள் எத்தனை முறை போட்டிருப்பேனோ. தோல் புதிதாக மூடி, உள்ளங்கையில் ஒரு வரப்பு எழும்பியிருந்தது. திருகோணமலைக்குத் தெற்கே, ஒரு முன்பகலில், கரைப்பக்கமிருந்து காற்று அறைந்தது. திடுக்கிட்டுப் பார்க்கிறேன், கயிறு கட்டையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, கை திறந்திருக்கிறது. யாரும் கத்தவில்லை. நானும் நினைக்கவில்லை. தோணி லேசாகத் தலையாட்டிவிட்டு நேரே போனது.

“மொளச்சிட்டுல காது!” என்று தண்டல் என் முதுகில் குத்தினான். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை. பருத்தித்துறையைச் சுற்றி, மேற்கே திரும்பி, ஊர் வந்து சேரும்வரை அந்தக் குத்து முதுகில் இனித்துக்கொண்டே இருந்தது.

ஆனி கடைசியில் வீட்டு வாசலில் நின்றேன். மதினிதான் முதலில் பார்த்தது. “வந்துட்டியாய்யா! அவுக தெனமும் வண்டிச் சத்தம் கேட்டா எந்திருச்சு நின்னாக. இப்ப ஆளு தெரியல, நெழலுதான் தெரியுதுங்குறாக.”

அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “இனிமே இவன்தாண்டி எனக்குக் கண்ணு” என்றார் அவளிடம். அன்றே தலைக்கயிற்றை என் கையில் கொடுத்தார்.

ஆவணியில் காய் இறங்கியது. முதல் சுமை. குமுளியிலிருந்து இறங்குகிறோம், நான் முன்னால், அண்ணன் எனக்குப் பின்னால் மூட்டைமேல். அவருக்கு அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம். “எங்கனடா வந்திருக்கோம்?” என்று வளைவுக்கு வளைவு கேட்டுக்கொண்டு, நான் சொல்வதற்கு முன்பே தானே சொல்லிவிடுவார். மலைப்பாதையில் லாரிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. மூன்றாவது வளைவில் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு முட்டவருவதுபோல் திரும்பியது. மாடுகள் மிரண்டன. கயிறு விண்ணென்று என்னை முன்னால் இழுத்தது.

“பிடிடா! இறுக்கிப் பிடி!”

கேட்டது. இந்த முறையும் நன்றாகவே கேட்டது.

கை திறந்தது.

கயிறு விரல்களுக்கிடையே மெதுவாக, நோகாமல், நழுவிப்போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம், சத்தியமாகச் சொல்கிறேன், வண்டி நிமிர்ந்துகொள்ளும் என்று காத்திருந்தேன். மண் நிமிராது. சக்கரம் ஓரச்சுவரில் மோதியது, நுகத்தடி முறிந்தது, மூட்டைகள் எங்கள்மேல் சரிந்தன. இடத்து மாடு பள்ளத்துக்குள் போனது.

அண்ணனை மூட்டைகளுக்கு அடியிலிருந்து இழுத்தேன். நெற்றியில் சிராய்ப்பு. எழுந்து உட்கார்ந்து, பாதைக்கு எதிர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

“மாடு நிக்குதாடா?”

“ஒண்ணு நிக்குதுண்ணே.”

“எது?”

“வலத்து மாடு.”

நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு, “கயிறு அறுந்துருச்சோ?” என்றார். அப்படித்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்துவிட்ட குரல்.

அவர் துழாவி என் வலது கையைப் பிடித்தார். காயத்துக்குக் கட்டுப்போட வேண்டும் என்று நினைத்திருப்பார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கட்டைவிரலால் உள்ளங்கையைத் தடவினார், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு. பழைய தழும்பின்மேல் விரலை நிறுத்தினார். அது காய்ந்தது என்று தெரிந்துகொண்டு தாண்டினார். மறுபடி தடவினார். பிறகு இடது கை.

“தோலு எங்கயும் உரியலையேடா” என்றார்.

கீழே, பள்ளத்தில், மாடு இன்னும் கத்திக்கொண்டிருந்தது.