தலை குனிந்த ஜெர்பரா

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், பச்சை நிழல்வலைக்குக் கீழே ஜெர்பரா பூச்செடிகள் வளர்க்கிறேன். மண் கிடையாது. தொட்டிகளில் தேங்காய் நார்த்தூள்தான். டிரம்மில் கரைத்த உரத்தண்ணீர் மெல்லிய குழாய்களில் சொட்டுச் சொட்டாக வேருக்குப் போகும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். தோட்டக்கலையில் பட்டமும் வாங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அம்மாவுக்கு அறவே இல்லை.

எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஐப்பசி மழையில் மாடித் தண்ணீரைப் பிடித்த அம்மா, செடிகளின் டிரம்மையும் அதிலேயே நிரப்பிவிட்டாள்.

"அந்த உப்புத்தண்ணிய திட்டினே இருப்பியே. உம்பசங்களுக்கு நல்ல தண்ணி ஊத்திட்டேன்."

எனக்கும் சந்தோஷம்தான். உப்பளவு பார்க்கும் மீட்டரை டிரம்மில் விட்டேன், குறைவாகக் காட்டியது. கரைந்த உரமும் உப்புதான் என்பதால், வழக்கமான உரத்தையே கொஞ்சம் கூட்டி, பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன்.

பூக்கள் நல்ல சிவப்பில் வந்தன. அதுவரை ஓசூர்ப் பூவையே வாங்கிவந்த பொக்கே கடைக்காரர் முதல் தடவையாக என்னிடம் வாங்கினார். மறுநாள் காலை போன் வந்தது.

"இன்னா பாப்பா, அத்தினியும் தலைய தொங்கப்போட்டுனு நிக்குது. கல்யாணப் பொண்ணு குனியலாம், பூவு இன்னாத்துக்குக் குனியுது?"

"இன்னொரு தடவ பாருங்கண்ணே."

"கிறிஸ்துமஸுக்குக் கொண்டா. அதுவும் இப்டின்னா எனக்கு ஓசூரே போதும்."

போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். பின்கட்டில் அம்மா வெந்நீர்ப் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உட்புறமெல்லாம் வெள்ளைப் பொருக்கு.

"போர் தண்ணி வேல. சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்குது பாரு."

ஒரு சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பேதான், கால்சியம். போர் தண்ணீரில் அது நிறைய இருந்ததால் என் உரக்கலவையில் நான் சேர்த்ததே இல்லை. மழைத்தண்ணீரில் அது இல்லை. உப்பு எவ்வளவு என்றுதான் மீட்டர் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கால்சியம் இல்லாத காம்புக்குக் கழுத்தில் பலம் ஏது?

அன்றே கால்சியம் நைட்ரேட் வாங்கிவந்து தனிக் கேனில் கெட்டியாகக் கரைத்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் அந்தக் கேனுக்குச் சிவப்பு மூடி, மற்ற உரங்களுக்கு நீல மூடி.

"ரெண்டையும் ஒண்ணா ஊத்திட்டா?"

"பால் திரியறாப்ல திரிஞ்சி அடியில தங்கிடும்மா. டிரம் தண்ணியில ஒண்ண ஊத்தி நல்லா கலக்கிட்டு, அப்பறம் இன்னொண்ணு."

"மாமியாளும் மருமவளும்னு சொல்லு."

தொங்கிய பூக்களையெல்லாம் வெட்டிப் போட்டேன். புது மொட்டுகள் எழும்பி விரியும்வரை மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கிறிஸ்துமஸ் பூக்களை முந்தின நாளே பறித்து, வீட்டிலேயே ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஸ்கூட்டரில் ஏற்றினேன். அம்மா பின்னால் உட்கார்ந்து பூக்களை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் ஒரு பூவின் காம்பை அடியில் பிடித்து, படுக்கைவாட்டில் நீட்டி ஆட்டினார். பூ வளையவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே நின்றது.

"வாராவாரம் கொண்டாந்துடு பாப்பா. ஓசூருக்கு வாணாம்னுடறேன்."

"அது படிச்ச பொண்ணுண்ணே," என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே.

திரும்பும் வழியில் என் தோளைத் தட்டினாள்.

"மழத்தண்ணி மொத்தமும் உம்பசங்களுக்குத்தானா? பருப்பு வேக வாணாமா?"

"ஒரு கொடம் எடுத்துக்கம்மா."

"ரெண்டு," என்றாள்.