கரிமாடன் பீடமும் உயிரோடு திரும்பிய பூதத்தானும்

பூதத்தான் எங்கள் ஊரில் இருந்தவரைக்கும் அவனை ஒரு ஆளாக யாரும் மதித்ததில்லை. செத்த பிறகு அவன் புகழைப் பாடிய வில்லுப்பாட்டுக்கு மைக் கட்டியவன் நான். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். கல்யாணமோ கோயில் கொடையோ, எதுவென்றாலும் அசன் முகம்மதாகிய என் ரேடியோ செட்டுதான் வரும். பனையில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டி, ஊரார் பேசும் பொய்யை ஊருக்கே கேட்கும்படி பெரிதாக்கிக் கொடுப்பது என் தொழில்.

பூதத்தான் வாழைத்தார் சுமந்தான். வயலில் வெட்டிய தாரை ரோட்டில் நிற்கும் லாரிக்குத் தூக்கி வரும் வேலை. எந்தச் சட்டை போட்டாலும் தோளில் வாழைக்கறை இருக்கும். வள்ளியூர்ப் பக்கமிருந்து முப்பிடாதியைக் கட்டிக்கொண்டு வந்தான். உலகம்மாள் பிறந்தாள். பிள்ளை தவழ்வதற்குள், பீகாரில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்க வந்த ஏஜெண்டோடு ரயிலேறிவிட்டான். வழியனுப்பக்கூட ஆளில்லை. கூடப்பிறந்த அண்ணன் சுடலைக்கண்ணு சீட்டாட்டத்தில் இருந்தான். எழுந்து போனால் கைச்சீட்டு வீணாகிவிடுமாம்.

பிறகு ஒருநாள் தந்தி வந்தது. சுரங்கத்தில் வெள்ளம் புகுந்துவிட்டது, செத்தவர்களில் பூதத்தானும் உண்டு என்று. சுடலைக்கண்ணு வடக்கே போய் வந்தான். உடம்பு கிடைக்கவில்லை. ஊறிப்போன பிணங்களை மொத்தமாக எரித்துவிட்டார்களாம். எண் அடித்த பித்தளை வில்லை ஒன்றைத்தான் கொடுத்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் அப்படி ஒரு வில்லை உண்டு, முகம் அழுகிப்போனாலும் வில்லை அழுகாது. அதோடு ஒரு கைப்பிடி நிலக்கரியையும் துண்டில் முடிந்து கொண்டுவந்தான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பூதத்தான் இருந்தபோது செல்லாக்காசு, இறந்த பிறகுதான் அவனுக்கு விலை வந்தது. அரசாங்கம் கொடுத்த நஷ்ட ஈட்டில் முப்பிடாதி ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டாள்.

அகாலமாகச் செத்தவன் எங்கள் பக்கத்தில் சும்மா இருக்கமாட்டான். அந்த வருஷமே ஆரம்பித்துவிட்டது. கிணற்றடியில் பூமிக்குள்ளிருந்து யாரோ சம்மட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒருத்தி வீட்டு வாசலில் கறுப்புக் கால்தடம். ஆற்றில் துணி துவைத்தவர்களிடம் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு ஆள் வந்து பீடி கேட்டதாம். நனைந்த பேய்க்குப் பீடி எப்படிப் பற்றும் என்று நான் கேட்டேன். சிரிக்கிற மனநிலையில் யாருமில்லை. சுடலைக்கண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. குறி கேட்டார்கள். பீடம் போடச் சொல்லி வந்தது.

பீடம் போட, சாமி இருக்கிற இடத்திலிருந்து பிடிமண் எடுத்து வந்து அடியில் வைப்பது வழக்கம். பூதத்தானுக்குப் பிடிமண்ணுக்குப் பதிலாக அந்த நிலக்கரியையும் பித்தளை வில்லையையும் வைத்துக் கட்டினார்கள். மற்ற பீடங்களுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள், இதற்கு மட்டும் கரி பூசினார்கள். கரிமாடன் என்று பெயர் வந்தது. சுடலைக்கண்ணுதான் சாமியாடி. வேலைவெட்டியில்லாமல் திரிந்தவன் இடுப்பில் மணியும் கையில் ஈட்டியுமாக நின்றபோது, அவனுக்குப் பெண் கொடுக்க மறுத்தவர்களெல்லாம் காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். குறை சொல்லக்கூடாது, வேண்டியது நடந்தது. பிள்ளையில்லாதவளுக்குப் பிள்ளை பிறந்தது. கேஸ் ஜெயித்தது. மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்துகூட கொடைக்கு ஆள் வந்தார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் பங்குனியில், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கி என் கடைக்கு வந்து தண்ணீர் கேட்டான் பூதத்தான்.

கையிலிருந்த ஸ்குரு டிரைவரைக் கீழே போட்டுவிட்டேன். ஒட்டிய கன்னம், இடைவிடாத இருமல். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார்கள். பட்டப்பகலில் பேய்க்கு இருமல் வருமா என்று யோசிக்க ஒருத்தனுக்கும் நிதானமில்லை.

“பயப்படாதிய அண்ணாச்சி. நான் சாகல” என்றான். “எம் புள்ள எப்படி இருக்கா?”

அவன் சொன்னது இதுதான். சுரங்கத்தில் பேர் பதியாத கூலிகள் உண்டு. வேலைக்குப் போக முடியாதவன் தன் வில்லையை அவர்களில் ஒருவனிடம் கொடுத்தால், அவன் இவன் பேரில் இறங்கிவிடுவான், கூலியில் பங்கு. அன்றைக்குப் பூதத்தான் சாராய மயக்கத்தில் படுத்திருந்தான். லக்கன் மாஞ்சி என்பவன் வில்லையை வாங்கிக்கொண்டு இறங்கினான். வெள்ளம் வந்தது. செத்தவர் பட்டியலில் தன் பெயரைக் கேட்டதும் இவன் ஒளிந்துகொண்டான். லக்கன் இறங்கியது வேறு யாருக்கும் தெரியாது. வெளியே வந்தால் லக்கனின் ஆட்கள் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும். செத்தவனாக இருந்தால் பெண்டாட்டி பிள்ளைக்காவது ஏதாவது கிடைக்கும். ஓடிவிட்டான். சூரத்தில், அஸ்ஸாமில், எங்கெங்கோ மூட்டை தூக்கினான். கரித்தூள் நெஞ்சில் இறங்கி இருமல் முற்றியதும், மகள் வாயால் ஒருதரம் அப்பா என்று கேட்டுவிட்டுச் சாகவேண்டும் என்று வந்திருக்கிறான்.

கூட வரும்படி கெஞ்சினான், போனேன். முப்பிடாதி நடையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பார்த்தாள். முகத்தில் பயமே இல்லை. உலகம்மாளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“ஏட்டி, நான்தாம்டி.”

“தெரியுது. எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? தாலிய அறுத்தாவளே, அன்னைக்கு எங்க இருந்தீரு? எம் புள்ள ஒரு பலகாரம் கிடைச்சாக்கூட பீடத்துல வச்சு ‘அப்பா, தின்னுப்பா’ன்னு உக்காந்து கத பேசுதே, அப்பல்லாம் எங்க இருந்தீரு?”

“பயந்துட்டேன் முப்பிடாதி.”

“பயந்தவரு அப்படியே பயந்துகிட்டு இருந்திருக்கணும். செத்தவருக்கு அழுது முடிச்சாச்சு. உசுரோட இருக்கவருக்கு அழ எங்கிட்ட ஒண்ணுமில்ல. போங்க.”

அவள் பேசியதில் தப்பு இருக்கிறதா என்று இன்றைக்கும் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளையை எட்டிப் பார்க்க அவன் கழுத்தை நீட்டிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூடியிருந்த அத்தனை பேருக்கும் அவனைத் தெரிந்தது. தெரியாமலா? கூட ஆற்றில் குளித்தவர்கள், கூடத் தார் சுமந்தவர்கள். அதுதான் சிக்கல். கோயில் தர்மகர்த்தா தொண்டையைச் செருமினார்.

“இவன் பூதத்தான்னா, கரிமாடன் யாரு? அவன்கிட்ட வேண்டிப் புள்ள பெத்தவுக இருக்காவ. அவுக யாருகிட்ட வேண்டுனாவ? இத நாம தீர்க்க முடியாது. சித்திரையில கொடை வருது. சாமிகிட்டயே கேட்டுருவோம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் அண்ணாச்சி, உசுரோட நிக்கவன் செத்தானா இல்லையான்னு, செத்தவன்கிட்ட போயா கேப்பிய?” என்றேன்.

“பாய், இது எங்க சாமி காரியம். நீரு மைக்க ஒழுங்கா கட்டும்” என்றார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், பூதத்தானும் சம்மதித்துவிட்டான். அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே! கொடை வரைக்கும் என் கடையில்தான் படுத்திருந்தான். நான் சத்தம் போட்டேன்.

“எந்தச் சாமிலே சொல்லும்? அங்கன உக்காந்திருக்கதே நீதானலே!”

“நான் இல்லேன்னா லக்கன் இருப்பான் அண்ணாச்சி. அவன் இடுப்புல கிடந்த வில்லைதான உள்ள இருக்கு. நல்ல பய. பொய் சொல்ல மாட்டான். ‘இவன்தாம்லே பூதத்தான், வீட்டுக்குப் போகவிடுங்க’ன்னு அவன் சொல்லிட்டான்னா போதும். உலகம்மா நம்பிரும்.”

செத்தவன்மேல் அவன் வைத்திருந்த நம்பிக்கையில் கால்பங்கைக்கூட உயிரோடிருந்த யாரும் காப்பாற்றவில்லை.

கொடையன்று உச்சிவேளை. பீடத்துக்கு முன்னால் பந்தல். வில்லுப்பாட்டுக்காரர், வெள்ளத்தில் கூட்டாளிகளையெல்லாம் கரையேற்றிவிட்டுத் தான் மட்டும் முழுகிப்போன வீரன் பூதத்தானின் கதையைப் பாடிக்கொண்டிருந்தார். சாராயத்தில் படுத்துக்கிடந்த வீரன் கூட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அழுத பெண்களைப் பார்த்து அவனுக்கும் கண்கலங்கியது. மேளம் ஏறியது. சுடலைக்கண்ணு ஆடத் தொடங்கினான்.

நான் ஆயிரம் சாமியாட்டம் பார்த்தவன். சில பேருக்கு நிஜமாகவே ஏதோ வரும். அப்போது கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும். அன்றைக்குச் சுடலைக்கண்ணுவின் கண் நாலாபக்கமும் அலைந்தது. அவனுக்கு வந்தது அருள் இல்லை, பயம். தம்பி பிழைத்தால் அண்ணன் பழையபடி சீட்டாட்டக்காரன்.

தர்மகர்த்தா கைகூப்பிக் கேட்டார். மேளம் நின்றது. பாட்டுக்காரரின் மைக்கை நான் நீட்டிப் பிடித்தேன்.

“பூதத்தான் நான்தாம்லே!” என்று ஈட்டியை ஓங்கினான் சுடலைக்கண்ணு. “எம் முகத்த வச்சுக்கிட்டு எவனோ வந்து நிக்கான். ஏலே, நீ யாருலே?”

குழாய் வழியாக ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். பூதத்தான் அண்ணனைப் பார்க்கவேயில்லை. பீடத்தைப் பார்த்தான். லக்கன் ஏதாவது சொல்வான் என்று இன்னும் காத்திருந்தான் போலிருக்கிறது. கரி பூசிய கல் என்ன சொல்லும்? பிறகு முப்பிடாதியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்திலிருந்து உலகம்மாள் ஓடிவந்தாள். பத்து வயசுப் பிள்ளை. அவனை விலகிச் சுற்றி ஓடி, பீடத்தைக் கட்டிப்பிடித்து, “அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா. அந்த ஆளப் போகச் சொல்லுப்பா” என்று கதறினாள்.

அவள் பாவாடை சட்டையெல்லாம் கரி. அவன் அவளைப் பக்கத்தில் பார்த்தது அந்த ஒருதரம்தான். அப்பா என்ற வார்த்தையையும் கேட்டுவிட்டான். அது சொல்லப்பட்டது கல்லுக்கு.

என் கையிலிருந்த மைக்கைப் பைய வாங்கினான். இருமல் வந்தது. அடக்கிக்கொண்டான்.

“நான் பூதத்தான் இல்ல. எம் பேரு லக்கன் மாஞ்சி. அவங்கூட வேல பாத்தவன். பசிக்காகப் பொய் சொல்லிட்டேன். பூதத்தான் இங்கனதான் இருக்கான். அழாத தாயி, ஒங்கப்பா இங்கனதான் இருக்கான்.”

குலவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது. பார்த்தாயா, பொய்க்காரன் வாயாலேயே உண்மையை வரவழைத்துவிட்டான் கரிமாடன் என்று ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட ஆற்றில் குளித்தவர்களும்தான் போட்டுக்கொண்டார்கள். சுடலைக்கண்ணு மட்டும் ஈட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சாமி மலையேறிவிட்டது என்று அவனுக்கு முகத்தில் தண்ணீர் அடித்தார்கள்.

பூதத்தான் அன்றைக்கே போய்விட்டான். மறுவருஷம் வில்லுப்பாட்டில் புதிதாக ஒரு பகுதி சேர்ந்திருந்தது. வடக்கேயிருந்து வேஷம் போட்டு வந்த பாதகனைக் கரிமாடன் விரட்டிய கதை. அதற்கும் நான்தான் மைக் கட்டினேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இரண்டு வருஷம் கழித்துத் திசையன்விளையில் ஒரு கல்யாணத்துக்கு செட்டு கொண்டுபோனபோது அவனைப் பார்த்தேன். கருப்பட்டிக் குடோனில் காவல். எல்லோரும் லக்கன் என்றே கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தான். ஊர்ப் பேச்சை எடுக்கவேயில்லை. அடுத்த முறை நான் போனபோது இல்லை. மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனானாம். கேட்க ஆளில்லாத பிணம் என்று அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. முப்பிடாதி வீட்டுக்குப் போய் நடையில் நின்றபடி, வில்லை கைமாறிய கதையிலிருந்து அவன் செத்தது வரைக்கும் சொன்னேன். மடியில் பீடித்தட்டு, கை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ஒரு கட்டு முடிந்து நூலை இறுக்கிக் கட்டியபிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அண்ணாச்சி, வடக்க அந்த லக்கனுக்குப் பொஞ்சாதி இருந்தாளா?”

“தெரியலையேம்மா. அவன் சொல்லல.”

“நீங்களும் கேக்கலையா? யாருமே கேக்கலையா?”

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பேரு பதியாதவன்னா, செத்தான்னு அவளுக்கு எவன் போய்ச் சொல்லியிருப்பான்? இன்னைக்கு வந்துருவான், நாளைக்கு வந்துருவான்னு அவ இன்னும் சோத்த மூடி வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பாளே அண்ணாச்சி.”