கரிமேட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவன்

சனிக்கிழமை இரண்டரை மணிக்கெல்லாம் கரிக்கழிவு மேட்டின் பாதிச் சரிவில் சாக்கை விரித்து, கெட்டுப்போன முழங்காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறான் எம்லின். கீழே நான்ட்வென் ரக்பி மைதானம். மழையென்றால் இன்னொரு சாக்கு தலைக்கு ஏறும். ஆட்டம் முடியும்வரை தேநீர் கிடையாது, புகை கிடையாது. புகையிலையை மெல்லும் தாடை மட்டும் அசைந்துகொண்டே இருக்கும்.

"என்ன எம்லின், மேல காத்து நல்லா வருதா?" என்று கீழேயிருந்து யாராவது சீண்டுவார்கள்.

"காத்து வருதுடா. கீழ ஆட்டம்தான் வரல."

பந்து வேலி தாண்டி அவன் காலடிக்கே உருண்டு வந்தாலும் தொடமாட்டான். அவன் எறிந்து இவர்கள் பிடித்தால் அவனோடு சேர்ந்து ஆடியதாக ஆகிவிடும், இவர்களுக்கும் தீட்டு. ஆட்டக்காரர் எவராவது மூச்சிரைக்க ஏறி வந்து எடுத்துப் போகும்வரை பந்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

அவன் அம்மா ப்ளோட்வென் என் தகப்பனாருக்கு நேர் இளையவள். அத்தைக்கு எம்லின், ஹேடன் என்று இரண்டே பிள்ளைகள். இரண்டு பேரும் பதினான்கு வயதில் சுரங்கத்துக்குப் போனார்கள். ஊர் அணியில் முன்வரிசையில், கழுத்துக்கு மேலாகக் கையைப் போட்டு ஒருவன் சட்டையை மற்றவன் பற்றி, தோளோடு தோள் பிணைந்து தள்ளுகிறவர்களும் அவர்களே. உலகச் சண்டை முடிந்த இரண்டாம் வருடம் எம்லினுக்கு வேல்ஸ் நாட்டு அணியின் சிவப்புச் சட்டை கிடைத்தது. ஒரே ஒரு ஆட்டம். அன்றைக்கு ஹேடன் மாற்று ஆள். ஆடுகிறவன் கால் உடைந்தாலும் மாற்று ஆளை உள்ளே விடாத காலம் அது. கோட்டுப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான்.

அடுத்த மாசமே தொப்பி வைத்த வடக்கத்தி ஆள் ஒருவன் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினான். இங்கிலாந்தின் வடக்கே பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டத்துக்குக் கூலி உண்டு. நம்முடைய பதினைந்து பேர் ஆட்டத்துக்குக் கிடையாது. அந்த வருடங்களில் வேல்ஸ் அணியில் நல்ல கால் ஒன்று முளைத்தால் வடக்கத்தியான் மூக்கில் வியர்த்துவிடும். ஒருமுறை பள்ளத்தாக்கு மேலூர்க்காரர்கள் அப்படி வந்தவன் ஒருவனை ஆற்றில் தூக்கிப் போட்டார்கள். எம்லின் கையெழுத்துப் போட்டுவிட்டான். போட்டவன் அப்புறம் நாட்டுக்கும் ஆடக்கூடாது, ஊர் ரக்பி சங்கத்துக்குள்ளும் கால் வைக்கக்கூடாது. சாகும்வரை.

நான்கு வருடத்தில் முழங்கால் நொறுங்கித் திரும்பி வந்தான். எந்தச் சுரங்கத்தை விட்டு ஓடினானோ, அதில் இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் விளக்கறையிலேயே வேலை. வீட்டுத் தலைவாசலில் பெட்டியை இறக்கிய மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. சங்கச் செயலாளர் எழுதியது. மைதானத்திலோ சங்கக் கட்டடத்திலோ தங்களைக் காண நேர்ந்தால் வெளியேற்ற நேரிடும், அன்புள்ள ஐயா. கீழே ஹேடனின் கையெழுத்து. இரண்டு வீடு தள்ளி இருக்கும் அண்ணனுக்குத் தபால்தலை ஒட்டி அனுப்பியிருந்தான். எம்லின் நாலு பக்கமும் விசாரித்து, மேடு சுரங்கத்தின் நிலம், சங்கத்துக்கு அதில் பாத்தியதை இல்லை என்று தெரிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தான். பதினொரு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

ஹேடன் கல் துளைக்கிற வேலை பார்த்தவன். போன இலையுதிர்காலத்தில் தூசி நெஞ்சை அடைத்துவிட்டது. கட்டிலை மாடியிலிருந்து கீழே முன்னறைக்கு இறக்கினார்கள். கட்டில் கீழே இறங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

அவன் பெண்டாட்டி மென்னா ஒரு சனிக்கிழமை வீட்டுச் செருப்போடு மேடு ஏறிவிட்டாள்.

"அத்தான், அவரு ஆட்டம் கேக்காம சாப்பிட மாட்டேங்குறாரு. எவனாவது வந்து சொன்னா, 'இவனுக்கு என்னடி தெரியும்'ங்குறாரு. நீங்க வந்து சொல்லுங்க."

"அவன் கூப்பிட்டானா?"

"நான் கூப்பிடுறேன்."

அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் நேரே அங்கே போகிறான். முன்னறைக்குள் அல்ல. செயலாளர் அழைக்கவில்லையே. நடையில், கதவுநிலைக்கு வெளியே நின்று சொல்கிறான். ஹேடன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான்.

"மென்னா, தள்ளுல யாரு சாஞ்சான்னு அவனக் கேளு."

"நம்ம இடதுபக்கம் சாஞ்சுதுன்னு சொல்லு மென்னா. கழுத்தே இல்லாத பய ஒருத்தன நிறுத்தி வெச்சிருக்காங்க."

"நான் என்ன தபால்பெட்டியா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல!"



தை பிறந்தது. கார்டிஃபில் இங்கிலாந்தோடு ஆட்டம். ஊரே ரயிலேறிவிட்டது. முன்னறையில் வானொலி ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எம்லினுக்கு வேலையில்லை. ஆனாலும் நடையில் வந்து நின்றான். நானும் அங்கே மென்னாவோடு போர்வை மடித்துக்கொண்டிருந்தேன், ஆகவே பார்த்தேன்.

இடைவேளைக்கு முன்பே ஹேடன், "அத நிறுத்து" என்றான். மென்னா வானொலியை அணைத்தாள். அவன் நெஞ்சு மட்டும் கூழாங்கல் உருள்வதுபோல் கேட்டது.

"மென்னா, அடுத்த வருஷம் ரெண்டு பேரையும் சேத்து எறக்குறோம்னு அணித் தேர்வுக்காரரு சொன்னாரே, அது தெரிஞ்சுதான் போனானான்னு கேளு. இவன் போனதும் என் பேரையும் அடிச்சிட்டாங்கன்னும் சொல்லு."

மென்னா கையிலிருந்த போர்வையை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"தெரியும்டா" என்றான் எம்லின். "அப்பா இதே தூசியில, இதே கட்டில்ல செத்தாரு. அவரு மூச்சு காதுலயே இருந்துச்சு. ஓடிட்டேன். உன்னயும் இழுத்துட்டுப் போயிருக்கணும். அதத்தான் செய்யல."

"நான் வந்திருக்க மாட்டேன்."

பதினொரு வருடத்துக்குப் பிறகு ஹேடன் அண்ணனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அதைச் சொன்னதற்கே இருமல் பிடித்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்தது. நிமிர்த்தி உட்கார வைத்தால்தான் மூச்சு இறங்கும். மென்னாவும் நானும் தூக்கிப் பார்த்தோம், நழுவினான்.

எம்லின் நிலையைத் தாண்டினான். கெட்ட முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, தம்பியின் பக்கத்தில் தோளைக் கொடுத்துக் குனிந்தான். இருமல் நிற்கவில்லை. ஹேடன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையை மெல்லத் தூக்கி, அண்ணனின் கழுத்துக்கு மேலாகப் போட்டு, அந்தப் பக்கத்துச் சட்டையை முஷ்டி நிறையப் பற்றிக்கொண்டான்.