நாலு சகன் சனம்

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் நிந்தவூரில் றஸ்னாவின் வீட்டு வாசலில் ஒரு பஸ் வந்து நிற்கும். குடும்பம் எங்கே போனாலும் புரியாணி ஆக்குவது அவள்; வழியில் சிங்களம் பேசுவதும் அவள். அம்பாறையில் இரண்டு வருடம் தங்கிப் படித்த சிங்களம் அது. அங்கேயே ஒரு வேலையும் கிடைக்க இருந்தது. அதற்குள் உம்மா வீட்டை அவள் பெயருக்கு எழுதினார். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையும் வந்தார். வீடு அவளுடையது என்றானபின் வீட்டில் இருப்பவர்களெல்லாம் அவள் பொறுப்பு. கணவன் ஸஹீத் கத்தாருக்குப் போன பிறகும் அது குறையவில்லை.

இந்தமுறை மட்டும் இடத்தை அவளே தேர்ந்தாள். மொனராகலைக்கு அப்பால் ஒரு சின்னக் காட்டுப் பூங்கா. உள்ளே மூன்று நீர்வீழ்ச்சிகள். ஒரு மாதமாக, உலை கொதிக்கிற இடைவெளியில் போனை எடுத்து அந்தத் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அங்கே கட்டுப்பாடு. முன்கூட்டியே பதிய வேண்டும். அவள்தான் போன் எடுத்தாள். எத்தனை பேர் என்று மூத்த அண்ணன் றிஷாட் காக்காவைக் கேட்டாள். நாலு சகன் என்றார். சகன் என்றால் ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர். இருபத்து நான்கு என்று சிங்களத்தில் சொல்லி வைத்துவிட்டாள்.

வாயிலில் வன அதிகாரி தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இருபத்தைந்து. பிள்ளைகள் ஓடித்திரிவதால் கணக்குப் பிழைக்கிறது என்று றிஷாட் தானே விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார். விரல் றஸ்னாவிடம் வந்து நின்றது. ஆக்கியவள் எல்லோரும் தின்றபின் சட்டியோடு உட்காருகிறவள். எந்தச் சகனிலும் அவள் இல்லை. போனில் சொன்னபோது அவளும் தன்னை எண்ணியிருக்கவில்லை.

இன்றைய எண்ணிக்கை முடிந்தது, ஒருவர் வெளியே நிற்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார் அதிகாரி. பிறகு அவளைப் பார்த்து, காட்டுக்குள் கூட்டிப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது, மொழி தெரிந்த நீங்கள் கட்டாயம் வாருங்கள், வேறு யாராவது நிற்கட்டும் என்றார்.

“என்னயாம்?” என்றார் றிஷாட்.

“ஒரு ஆள் நிக்கோணுமாம், காக்கா.”

மதினி குனிந்து பிள்ளையின் சப்பாத்தைக் கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டியிருந்தது. பஸ்ஸுக்குள் சோறு கிடக்கிறதே என்று உம்மா பொதுவாகச் சொன்னார்.

“சோத்த நான் பாக்கிறன், உம்மா,” என்றான் சாரதி சசிகரன். “ஒரு கோழிக்கால் குறைஞ்சா மட்டும் கணக்குக் கேக்கப்படா.”

ஒருவரும் சிரிக்கவில்லை. றிஷாட் அதிகாரியைக் கண்ணால் காட்டி றஸ்னாவிடம் திரும்பினார்.

“பொறகும் என்னமோ கதைச்சானே?”

றஸ்னாவுக்குச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் காக்கா நிற்க வேண்டும், அல்லது மதினி. நிற்கிறவரின் முகம் நிந்தவூர் வரைக்கும் கூடவே வரும். அதன்பிறகு பெருநாள் வரைக்கும் அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

“பாத்துப் போகட்டாம்,” என்றாள். “கல்லு வழுக்குமாம்.”

அவர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். அதிகாரி வாயிலின் குறுக்குத் தடியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். நீங்கள் வரவில்லையா என்று கேட்டார். கால் வலிக்கிறது என்று பிழையில்லாத சிங்களத்தில் சொன்னாள். அவர் நம்பிவிட்டார். தடியை இறக்கி வாயிலை மூடினார்.

பிள்ளைகளின் சத்தம் முதல் வளைவு வரைக்கும் கேட்டது. அதன்பிறகு பஸ்ஸில் சசிகரனின் றேடியோ மட்டும்.