அம்மாவின் பேனரில் என் கண்

அம்மா இறந்து வருஷம் திரும்பப்போகிற சமயம், அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்குப் பேனர் அடிக்கப் போனார். எங்கள் தெருவில் யார் இறந்தாலும் முதல் வருஷத்துக்குத் தெருமுனையில் நினைவஞ்சலி பேனர் கட்டுவார்கள். கட்டாத வீட்டை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கட்டவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முந்தின வருஷம், நடவு முடியட்டும், ஆஸ்பத்திரிக்குப் பிறகு போகலாம் என்று அம்மா இரண்டு நாள் காய்ச்சலோடு வயலில் இறங்கினாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். ஒரு வருஷத்துக்குள் அவள் முகம் எனக்கு மறக்க ஆரம்பித்திருந்தது. குரல் இருந்தது, முகம் வரவில்லை. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவின் படம் இரண்டுதான் இருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்த கறுப்புத் திட்டு யாருடைய படமாகவும் இருக்கலாம். மற்றொன்று நூறு நாள் வேலை அட்டையில் அப்பாவோடு நிற்கிற படம். அதில் முகம் தெளிவாக இருந்தது, கண்தான் மூடியிருந்தது. பஞ்சாயத்து அலுவலக வாசலில் காலை வெயிலுக்கு எதிரே நிறுத்தி எடுத்ததால், எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த அட்டையில் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கண் மூடிய படத்தைப் போட்டால் அந்தப் பக்கமே வரமாட்டாளாம். அக்காவைக் கிடத்தியிருந்தபோது பார்த்ததே போதுமாம்.

கடையில் கம்ப்யூட்டர் முன்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு காதணி விழாக்காரர், தாய்மாமன்கள் வரிசையில் யார் படம் முதலில் வரவேண்டும் என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தார். அப்பா அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அதன் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து நீட்டினார். அக்கா அதை வாங்கி ஸ்கேன் செய்து பெரிதாக்கினார். திரை முழுக்க அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கண்ணு மூடியிருக்கே. வேற படம் இல்லீங்களா?"

"இருந்தா இத ஏம்மா கொண்டாறப் போறேன்" என்றார் அப்பா.

அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா யாரு ஜாடை?"

"அவ அம்மா ஜாடைதான். மூக்கு மட்டும் என்னுது."

"மூக்கு கெடக்கட்டும், கண்ணுதானே வேணும்" என்றார் காதணி விழாக்காரர், யாரும் கேட்காமலே. பிறகு தன் அவசரம் நினைவுக்கு வந்து, "எம்மா, நாளைக்குக் காலையில எம் பேனரு மண்டபத்து வாசல்ல நிக்கணும், ஆமா" என்றார்.

"காது குத்துறது உங்க பேரனுக்குத்தானே, உங்களுக்கு இல்லியே. செத்த இருங்க."

என்னைக் கடை வாசலில் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அக்கா தன் செல்போனில் படம் எடுத்தார். நான் முடிந்தவரை கண்ணை அகலத் திறந்தேன். கண் வேண்டும் என்றால் நிறையக் கொடுப்பதுதானே மரியாதை.

"அப்படி முழிக்காத. பேயப் பாத்தவ மாதிரி இருக்கு."

சாதாரணமாகப் பார்க்கச் சொன்னார். சாதாரணமாகப் பார்ப்பது எப்படி என்று யோசித்தபோது அழுகை வந்துவிட்டது. அந்தப் படமும் ஆகவில்லை. அக்கா போனைத் தாழ்த்தி, "உங்கம்மா உன்னை எப்படிக் கூப்புடுவாங்க?" என்று கேட்டார்.

அப்பாதான் சொன்னார். "வாடி கழுத, வந்து தின்னுட்டுப் போடின்னு கத்துவா. தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

அம்மா மாதிரியே ராகம் போட்டு அவர் சொன்னதும் நான் அக்காவுக்குப் பின்னால் நின்ற அவரை நிமிர்ந்து பார்த்தேன். அந்த நொடியில் போனை உயர்த்தி எடுத்த படத்தைத்தான் அக்கா வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. என் கண்கள் அம்மா முகத்தில் சின்னப்பிள்ளைக் கண்களாகவே இருந்தன. அக்கா அவற்றைச் சற்றுச் சுருக்கினார், இமையைத் தாழ்த்தினார், கீழே மெல்லிய சுருக்கம் வரைந்தார், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். காதணி விழாக்காரர் இரண்டு முறை எழுந்து போவதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். "எடது கண்ணு ஒரு நூல் ஏறியிருக்கும்மா" என்று சொன்னதும் அவர்தான். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

"சரியா அண்ணே?" என்று அக்கா கேட்டபோது அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவதான்" என்றார். எனக்கும் முகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மறக்கவில்லை.

பேனர் கட்டிய அன்று சித்தி வந்தாள். தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். "அக்கா என்னையேதான் பாக்குறா" என்று அழுதாள். நான் அவள் முந்தானையை இழுத்து, அது என் கண் என்று சொன்னேன். "சும்மா இருடி" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். என் கண்ணைக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்தது அதுதான். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் அரிசி அளக்கிற படியை இரவல் வாங்குவதுபோல, வேறு கண் இல்லாததால் அந்த அக்கா என்னுடையதை எடுத்துக்கொண்டார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டினேன், எர்ணாகுளத்தில் இறால் உரித்தேன், எதிலும் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. கோயம்புத்தூரில் ஒரு பேனர் கடையில் ஓரம் மடித்து ஒட்டும் வேலையில் இருந்தபோது, ஒருவர் தன் அப்பாவின் படத்தைக் கொண்டுவந்தார். கண் மூடியிருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த பையன் ஒரு ஃபோல்டரைத் திறந்தான். அது முழுக்கக் கண்கள். ஆண் கண், பெண் கண், கிழவர் கண், கண்ணாடி போட்ட கண். ஒரு ஜோடியை எடுத்து வைத்தான். வந்தவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவரும் திருப்தியாகத்தான் போனார்.

"யாரு கண்ணுடா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"யாருக்குக்கா தெரியும்? பட்டுச்சேலை, பூமாலையெல்லாம் இருக்குற அதே சிடியில வந்தது. பேனர் கடைன்னு இருந்தா இது இருக்கும். நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியிலேருந்தே இருக்கு."

திருத்துறைப்பூண்டி அக்காவின் கம்ப்யூட்டரில் பட்டுச்சேலைகளும் பூமாலைகளும் இருந்தன. அம்மாவுக்கு எந்த மாலை வேண்டும் என்று என்னைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னார். கண்களும் அங்கேதான் இருந்திருக்கும். காதணி விழாக்காரரைக் காக்கவைத்த அந்த ஒரு மணி நேரமும், அக்கா அந்தக் கண் ஃபோல்டரைத் திறக்கவே இல்லை.